பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போடுவார்?

பிப்ரவரி 8, 2020, சனி. மான்செஸ்டர், நியூ ஹாம்ப்ஷயர்

பாஸ்டனுக்கு வெளியே எங்கள் ஊரிலிருந்து 93-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் மான்செஸ்டர். மெரிமாக் ஆற்றங்கரையில் சிவப்புச் செங்கல் ஆலைகள் நீண்டு கிடக்கின்றன. அமோஸ்கெக் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பருத்தி ஆலைகளில் ஒன்று. அதில் தறி ஓட்டக் கியூபெக்கிலிருந்து பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இங்கேயே தங்கிவிட்டன. அவர்கள் 1908-ல் தங்கள் மாதா கோயிலை ஒட்டித் தொடங்கிய சேமிப்புச் சங்கம்தான் அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியன். இந்தக் குடும்பங்களை நினைவில் வையுங்கள், இன்றைய கதை அவர்களை வைத்து நடந்தது.

வரும் செவ்வாய் இங்கே பிரைமரி. நவம்பரில் டிரம்ப்பை எதிர்த்து ஜனநாயகக் கட்சியில் யார் நிற்பது என்பதை வாக்காளர்களே மாநிலம் மாநிலமாக ஓட்டுப்போட்டு முடிவு செய்கிறார்கள். முதலில் ஐயோவா. அங்கே முடிவுகளை அனுப்பும் செயலி கோளாறாகி, யார் ஜெயித்தார் என்பதே இன்னும் இழுபறியில் இருக்கிறது. அடுத்து நியூ ஹாம்ப்ஷயர், பிறகு நெவாடா, மாதக் கடைசியில் தென் கரோலினா. நியூ ஹாம்ப்ஷயரையும் தென் கரோலினாவையும் நேரில் பார்க்க விடுப்பு எடுத்திருக்கிறேன். மார்ச் 3-ஆம் தேதி மாசசூசெட்ஸில் எனக்கும் ஓட்டு இருக்கிறது. யாருக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மதியம் ஆம்ஹர்ஸ்ட் தெருவுக்கு நடந்தேன். 1972-ல் ‘யூனியன் லீடர்’ நாளிதழின் அலுவலகம் இந்தத் தெருவில் இருந்தது. அந்த வருடம் அதிபர் நிக்சனை எதிர்க்க முன்வந்த ஜனநாயகக் கட்சிக்காரர்களில் முன்னணியில் இருந்தவர் எட்மண்ட் மஸ்கி. பக்கத்து மாநிலமான மெய்னின் செனட்டர், 1968-ல் துணை அதிபர் வேட்பாளர், நிதானமான மனிதர் என்று பெயரெடுத்தவர். 1971-ன் தொடக்கத்தில் கருத்துக்கணிப்புகளில் நிக்சனையே முந்தினார். ‘இவரை நிறுத்தினால் ஜெயித்துவிடலாம்’ என்ற நம்பிக்கையே அவருடைய பெரிய பலம்.

பிப்ரவரி 24 அன்று அந்த நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. ஃபுளோரிடாவிலிருந்து யாரோ எழுத்துப்பிழைகளோடு எழுதியது. மஸ்கியின் கூட்டத்தார் பிரெஞ்சுக் கனடியர்களை ‘கனக்’ என்ற வசைச்சொல்லால் குறிப்பிட்டதாகவும், மஸ்கி அதைக் கேட்டுச் சிரித்ததாகவும் அதில் இருந்தது. பிரெஞ்சு வம்சாவளியினர் நிறைந்த இந்த ஊரில் அது எப்படிப் பற்றியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் மஸ்கியின் மனைவியை இழிவுபடுத்தும் ஒரு குறிப்பையும் அதே நாளிதழ் வேறோர் இடத்திலிருந்து எடுத்துப் போட்டது.

26-ஆம் தேதி சனிக்கிழமை காலை, கொட்டும் பனியில், மஸ்கி அலுவலக வாசலில் ஒரு லாரியின் மேல் ஏறி நின்றார். பத்திரிகை அதிபர் வில்லியம் லோபைக் கோழை என்றார். மனைவியைப் பற்றிச் சொல்ல வந்தபோது குரல் உடைந்தது. அழுதார் என்று நிருபர்கள் எழுதினார்கள். முகத்தில் விழுந்த பனி உருகி வழிந்தது என்றார்கள் அவருடைய ஆட்கள். மார்ச் 7-ல் மஸ்கி இங்கே ஜெயித்தார், 46 சதவீதம். ஜார்ஜ் மெக்கவர்னுக்கு 37. ஆனால் பக்கத்து மாநிலத்துக்காரருக்கு இது போதாது என்று எழுதினார்கள். ஏப்ரலுக்குள் மஸ்கியின் ஆட்டம் முடிந்தது.

அந்தக் கடிதத்தை எழுதியதாகச் சொல்லப்பட்ட ஆளை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. நிக்சன் தரப்பு நடத்திய நாசவேலைகளில் அதுவும் ஒன்று என்று அக்டோபரில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ எழுதியது. ஃபுளோரிடா பிரைமரியில் மஸ்கியின் பெயர் அச்சிட்ட தாளில் சக போட்டியாளர்களைப் பற்றி ஆபாசப் பொய்களை எழுதிப் பரப்பிய டொனால்ட் செக்ரெட்டி என்ற இளம் வழக்கறிஞர் பின்னர் சிறை சென்றார். வேட்பாளரானவர் மெக்கவர்ன். நவம்பரில் நிக்சன் 49 மாநிலங்களை அள்ளினார். யாரைக் கண்டு பயந்தார்களோ அவரை, அவருடைய கட்சிக்காரர்கள் கையாலேயே ஒதுக்க வைத்துவிட்டார்கள். 48 வருடம் கழித்து அந்தத் தெருவில் நின்றபோதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அறைக்குத் திரும்பி டிவியைப் போட்டேன். சக போட்டியாளரும் முன்பு இந்தியானாவின் சவுத் பெண்ட் நகர மேயராக இருந்தவருமான பீட் பூட்டஜஜைத் தாக்கி ஜோ பைடன் இன்று ஒரு விளம்பரம் விட்டிருக்கிறார். பைடன் ஒபாமாவோடு சேர்ந்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது, பூட்டஜஜ் பாலத்துக்குக் கலர் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று நக்கல். சாதனையை ஒப்பிடுவது நியாயமான சண்டைதான், அதில் எனக்குக் குறை இல்லை. இங்குள்ள அரங்கத்தில் இரவு நடந்த கட்சி விருந்தில் பூட்டஜஜ் பேசும்போது, இன்னொரு போட்டியாளரான பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் ‘வால் ஸ்ட்ரீட் பீட்’ என்று கோஷம் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு. நாஷுவா

மான்செஸ்டருக்குத் தெற்கே அரை மணி நேரத்தில் நாஷுவா. கல்லூரி நாளிலிருந்து எனக்கு அக்கா முறையான ஒருவர் இங்கே இருக்கிறார். கும்பகோணத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. எந்தக் கட்சியிலும் பதிவு செய்துகொள்ளாதவர். இந்த மாநிலத்தில் அப்படிப்பட்டவர்களும் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். அதனால் எல்லா வேட்பாளர்களும் அவர் வாசலுக்கு ஆள் அனுப்புகிறார்கள். வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போன அட்டைகள் சமையலறை மேடையில் ஒரு கட்டாகக் கிடந்தன.

“போன வருஷம் கமலாவுக்காக நான் வீடு வீடாப் போனேன் தெரியுமா?” என்றார் தோசை வார்த்தபடி. இந்தப் போட்டியில் இருந்த கமலா ஹாரிஸின் அம்மா ஷியாமளா கோபாலன் சென்னையிலிருந்து வந்தவர். பெசன்ட் நகர் கடற்கரையில் தாத்தாவோடு நடந்ததைக் கமலாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அது சொந்த வீட்டு விஷயம். ஜூன் மாதம் மயாமி விவாதத்தில், பள்ளிகளில் நிறப் பிரிவினையைப் போக்கக் குழந்தைகளை பஸ்ஸில் அனுப்பும் திட்டத்தைப் பைடன் அந்தக் காலத்தில் எதிர்த்ததைப் பற்றி கமலா அவரை முகத்துக்கு நேராகக் கேட்டார். உடனே கணிப்பில் ஏறினார், சில வாரங்களில் இறங்கினார். ஜூலையில் டெட்ராய்ட் விவாதத்தில் இன்னொரு போட்டியாளரான துல்சி கப்பார்ட், கமலா அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தைக் கிளறினார். டிசம்பர் 3-ல் கமலா போட்டியிலிருந்து விலகினார்.

“ஏன்க்கா, மக்களுக்குப் பிடிக்கலையா?”

“எல்லாருக்கும் பிடிச்சது. வாசல்ல நின்னு நல்லாத்தான் பேசுவாங்க. ‘எனக்கு அவங்களப் பிடிக்கும், ஆனா மத்தவங்க போடுவாங்களா’ன்னு முடிப்பாங்க. ஒரு வீடு விடாம இதே பேச்சு.”

இந்த வாக்கியத்தை இரண்டு நாளாக நானும் கேட்கிறேன். உணவகத்தில், பெட்ரோல் பங்க்கில், கூட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது. தனக்கு என்ன வேண்டும் என்று யாரும் தொடங்குவதில்லை. விஸ்கான்சினில் இருக்கும் ஏதோ ஒரு தொழிலாளி, பென்சில்வேனியாவில் இருக்கும் ஏதோ ஒரு முதியவர், அவர்கள் யாரை ஏற்பார்கள் என்றே கணக்குப் போடுகிறார்கள். கமலாவும் தன் கூட்டங்களில் இதை மறைக்காமல் பேசினார்: நிறமுள்ள ஒரு பெண்ணுக்கு இந்த நாடு தயாரா என்ற கேள்வி ஒவ்வொரு அறையிலும் உட்கார்ந்திருக்கிறது என்று.

அதன் பிறகு அக்கா, மாசசூசெட்ஸ் செனட்டரான எலிசபெத் வாரன் பக்கம் வந்தார். ஜனவரியில் இன்னொரு சண்டை. ஒரு பெண்ணால் ஜெயிக்க முடியாது என்று 2018-ல் தனிப்பட்ட சந்திப்பில் சாண்டர்ஸ் தன்னிடம் சொன்னதாக வாரன் உறுதிப்படுத்தினார். அப்படிச் சொல்லவே இல்லை என்றார் சாண்டர்ஸ். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று நாடு முழுக்க விவாதம். என் கவலை வேறு. யார் சொன்னது உண்மையானாலும், அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடிய கேள்வி ‘ஒரு பெண்ணால் ஜெயிக்க முடியுமா’ என்பதுதான். கேட்கக் கேட்க ‘முடியாது போலிருக்கிறதே’ என்று தோன்றவைக்கும் கேள்வி அது.

பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி ஒலித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். கருத்துக்கணிப்பு என்று ஒரு பெண் குரல். முதல் இரண்டு கேள்விகள் சாதாரணம். மூன்றாவது, ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லி, “அவர் இன்னின்னது செய்தார் என்று தெரிந்தால் அவருக்கு ஓட்டுப் போடும் எண்ணம் கூடுமா, குறையுமா?” அந்த ‘இன்னின்னது’ பொய் என்பது செய்தி படிக்கும் எவருக்கும் தெரியும். கருத்துக் கேட்கிற மாதிரி கூப்பிட்டுக் காதில் விஷத்தைப் போடுகிற வேலை. இதற்கென்றே இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. இப்படி அழைப்பவர்கள் யாருக்காக அழைக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். அக்கா கேட்டதும் இணைப்பு துண்டானது.

“நீங்க நம்பினீங்களா?”

“நான் ஏன் நம்பறேன்? ஆனா நாலு பேரு நம்பிடுவாங்களே.”

தோசை எடுத்த கை நின்றுவிட்டது எனக்கு. இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது முழுக்க அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அவதூறைக் கேட்பவர் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. மற்றவர்கள் நம்பிவிடுவார்கள் என்று அவர் நினைத்தால் போதும். ‘நல்லவர்தான், ஆனால் அடிபட்டுவிட்டார், இனி தேறமாட்டார்’ என்று அவரே அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். நேர்மையான வாக்காளரைத்தான் இது சுலபமாக வீழ்த்துகிறது. ஊரைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அவர்தானே.

மாலைச் செய்தியில் ஹாம்ப்டன் கூட்டம். ஐயோவாவில் நான்காவதாக வந்த நீங்கள் தேசிய அளவில் ஜெயிப்பீர்கள் என்று எப்படி நம்புவது என்று ஒரு மாணவி பைடனிடம் கேட்க, அவர் பழைய சினிமா வசனம் என்று சொல்லி அந்தப் பெண்ணை ஏதோ வைதுவிட்டார். வேடிக்கையாகச் சொன்னாராம். ஜெயிப்பேன் என்பதையே தகுதியாகச் சொல்லி ஓட்டுக் கேட்பவர், தோற்கத் தொடங்கியபின் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, சங்கடமாக இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள். மான்செஸ்டர்

இன்று டிரம்ப் வந்தார். அதே அரங்கம். மதியத்திலிருந்தே பனியும் மழையுமாகப் பெய்ததில் சிவப்புத் தொப்பிகள் நனைந்தபடி வரிசை தெருவைச் சுற்றிப் போனது. நான் உள்ளே போகவில்லை.

ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் குடியரசுக் கட்சிக்காரர்கள் போய் மிகப் பலவீனமான வேட்பாளருக்குப் போடுவார்களாமே என்று அவர் பேச்சின் நடுவே சொல்ல, அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆம்ஹர்ஸ்ட் தெரு பத்து நிமிட நடை. அன்று ரகசியமாகச் செய்ததை இன்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். பதவிநீக்க விசாரணையில் செனட் அவரை விடுவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உக்ரைன் அதிபரிடம் போனில் அவர் கேட்டதும், டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அவர் மேல் குற்றம் சாட்டியதும் யாரைப் பற்றி? பைடனைப் பற்றி. கணிப்புகளில் டிரம்ப்பை முந்திக்கொண்டிருந்த போட்டியாளர். மஸ்கியின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய். நாஷுவா

அக்காவோடு வாக்குச்சாவடிக்குப் போனேன். திரும்பி வரும்போது காரில், “பீட்டுக்குப் போட்டேன். வாரனுக்குத்தான் போட நினைச்சேன், அங்க போனதும் மனசு மாறிடுச்சு. டிரம்ப்ப ஜெயிக்கணுமேம்மா” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாண்டர்ஸ் ஏறக்குறைய 26 சதவீதம், பூட்டஜஜ் 24, யாரும் எதிர்பாராத ஏமி குளோபுச்சர் 20, வாரன் 9, பைடன் 8. நாஷுவாவில் தன் ஆதரவாளர்கள் காத்திருக்க, முடிவு வரும் முன்பே பைடன் தென் கரோலினாவுக்கு விமானம் ஏறிவிட்டார்.

பலர் போட்டியிடும் களத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டால் லாபம் மூன்றாமவருக்கு. 2004-ல் ஐயோவாவில் ஹோவர்ட் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் ஒருவரையொருவர் விளம்பரத்தில் கிழித்தார்கள். 38 சதவீதத்தோடு ஜான் கெர்ரி ஜெயித்தார், 32-ல் ஜான் எட்வர்ட்ஸ். டீனுக்கு 18, கெப்ஹார்ட்டுக்கு 11. பைடன் பூட்டஜஜை அடித்த வாரத்தில் குளோபுச்சர் ஏறியதும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய். கிரீன்வில், தென் கரோலினா

மறுபடி விடுப்பு கிடைத்தது. சார்லட்டில் இறங்கி வாடகைக் காரில் தெற்கே வந்தேன். இதற்குள் நெவாடாவில் சாண்டர்ஸ் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்து முன்னால் நிற்கிறார். நியூ ஹாம்ப்ஷயரில் பனி, இங்கே மரங்களில் மொட்டு.

பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் வாசலில் காரை நிறுத்தினேன். 2000-ஆம் வருடம் பிப்ரவரி 1 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் குடியரசுக் கட்சியின் பிரைமரியில் செனட்டர் ஜான் மெக்கெய்ன் ஜார்ஜ் புஷ்ஷை 48-க்கு 30 என்று தோற்கடித்தார். மறுநாளே புஷ் இந்தக் கல்லூரியில் வந்து பேசினார். அப்போது இங்கே வெவ்வேறு இன மாணவர்கள் காதலிப்பதற்கே தடை இருந்தது. அந்தத் தடையை நீக்கியது இந்தக் கூட்டம் சர்ச்சையான பிறகுதான்.

அடுத்த 17 நாள் நடந்ததை அமெரிக்க அரசியலில் இன்றுவரை பேசுகிறார்கள். வியட்நாமில் ஐந்தரை வருடம் சிறையில் இருந்த மெக்கெய்னின் மனநிலை சரியில்லை என்று கிசுகிசு. மனைவியைப் பற்றி இன்னொன்று. எல்லாவற்றிலும் கேவலமானது, அவருக்குக் கறுப்பினப் பெண்ணிடம் பிறந்த குழந்தை இருக்கிறது என்ற பேச்சு. உண்மையில் மெக்கெய்ன் தம்பதி 1991-ல் டாக்காவில் அன்னை தெரசாவின் இல்லத்திலிருந்து ஒரு நோயுற்ற குழந்தையைக் கொண்டுவந்து தத்தெடுத்திருந்தார்கள். கறுத்த நிறமுள்ள வங்கக் குழந்தை. மேடையில் அப்பாவின் பக்கத்தில் நின்ற அந்தச் சிறுமியைக் காட்டித்தான் அந்தப் பொய் உயிர்பெற்றது. துண்டறிக்கைகள், மின்னஞ்சல், தொலைபேசி அழைப்புகள். அந்த அழைப்புகளுக்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. புஷ் தரப்பு தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது.

ஊரில் நம்மைப் போன்ற நிறமுள்ள பெண் குழந்தை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இதைச் சொல்லிப் பாருங்கள். மற்ற தந்திரங்களையெல்லாம் அரசியல் என்று விட்டுவிடலாம். ஒரு குழந்தையின் நிறத்தை அதன் அப்பாவுக்கு எதிரான ஆயுதமாக்கியதை என்னால் அப்படி விட முடியவில்லை.

மெக்கெய்னும் பதிலுக்கு அடித்தார். புஷ், ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டனைப் போல உண்மையைத் திரிக்கிறார் என்று ஒரு விளம்பரம். குடியரசுக் கட்சிக்காரர்களிடம் அதைவிடப் பெரிய வசை கிடையாது. இங்கிருந்து கிழக்கே, பிஎம்டபிள்யூ தொழிற்சாலையைத் தாண்டினால் ஸ்பார்டன்பர்க். அங்கே ஒரு கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, மெக்கெய்னை மதிக்கும் தன் மகன் போனை எடுக்க, மறுமுனையில் இருந்தவர் அவரை ஏமாற்றுக்காரர், பொய்யர் என்று அந்தப் பையனிடமே சொன்னதாகக் கலங்கினார். மெக்கெய்ன் நிலைகுலைந்தார். தன் தாக்குதல் விளம்பரங்களை நிறுத்தினார். பிப்ரவரி 19-ல் 53-க்கு 42 என்று தோற்றார். அந்த நேரத்துக் கணிப்புகளில் ஜனநாயகக் கட்சியின் அல் கோரை எதிர்த்து புஷ்ஷைவிட அவர்தான் நன்றாகத் தேறினார். நவம்பரில் யார் ஜெயிப்பார் என்ற வாதம் இங்கே எடுபடவில்லை.

குடியரசுக் கட்சி இந்த வருடம் இங்கே பிரைமரியே நடத்தவில்லை. யாரும் எந்தக் கட்சிப் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம் என்பதால், சனிக்கிழமை போய் சாண்டர்ஸுக்குப் போடுங்கள் என்று இந்தப் பகுதிக் குடியரசுக் கட்சி ஆர்வலர்கள் சிலர் வெளிப்படையாகக் கூப்பிடுகிறார்கள்.

இரவு ஸ்பார்டன்பர்க் விடுதியில் சார்ல்ஸ்டன் விவாதத்தைப் பார்த்தேன். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கவில்லை. டிரம்ப் ஜெயிக்க வேண்டும் என்று புடின் விரும்புகிறார், அதனால்தான் ரஷ்யா உங்களுக்கு உதவுகிறது என்று, நியூயார்க்கின் முன்னாள் மேயரும் போட்டியாளருமான மைக்கேல் புளூம்பெர்க் சாண்டர்ஸைப் பார்த்துச் சொன்னார். சாண்டர்ஸின் கொள்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ‘நீ நின்றால் தோற்போம்’ என்பது மட்டும். இந்த வருடத்தின் பெரிய வசை இதுதான்.

பிப்ரவரி 26, புதன். கொலம்பியா

தலைநகரின் சட்டமன்றக் கட்டடத்தின் சுவரில் 1865-ல் உள்நாட்டுப் போரில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மனின் பீரங்கிக் குண்டுகள் பட்ட இடங்களை வெண்கல நட்சத்திரங்களால் குறித்து வைத்திருக்கிறார்கள். 2000-ல் மெக்கெய்ன் இங்கே ஓட்டுக் கேட்டபோது இதன் குவிமாடத்தில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி பறந்தது. அதைப் பற்றி அப்போது மழுப்பிய அவர், தோற்ற பிறகு ஏப்ரலில் இதே ஊருக்குத் திரும்பி வந்து, ஜெயிக்க வேண்டும் என்பதற்காக உண்மையைச் சொல்லாமல் விட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். எதிராளியின் பொய் மட்டும் அல்ல, ‘இதைச் சொன்னால் ஓட்டுப் போகும்’ என்ற பயமும் ஒரு நல்ல மனிதரை எவ்வளவு தூரம் வளைக்கிறது.

வளாகத்தில் ஸ்ட்ராம் தர்மண்டின் சிலை. நிறப் பிரிவினைக்காக 1948-ல் அதிபர் தேர்தலிலேயே நின்றவர். பீடத்தில் அவர் பிள்ளைகளின் பெயர்கள். ‘நான்கு’ என்று இருந்த எண்ணைச் செதுக்கி ‘ஐந்து’ ஆக்கியிருப்பது தடவிப் பார்த்தால் தெரிகிறது. அவர் 2003-ல் இறந்த பிறகு, அவர் வீட்டில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்ணுக்கு அவரிடம் பிறந்த மகள் எஸ்ஸி மே வாஷிங்டன்-வில்லியம்ஸ் தன்னை வெளிப்படுத்திக்கொண்டார். மெக்கெய்னின் மேல் அந்தப் பொய்யைப் பரப்பிய 2000-ல் தர்மண்ட் இந்த மாநிலத்தின் செனட்டர். பொய் சொல்லப்பட்டவர் தோற்றார். உண்மையில் அப்படி இருந்தவருக்குச் சிலை. வெகு நேரம் அங்கே நின்றேன்.

தர்மண்டிடம் அரசியல் படித்த லீ அட்வாட்டர் வளர்ந்ததும் கொலம்பியாவில்தான். கருத்துக்கணிப்பு போலப் போன் செய்து அவதூறு பரப்பும் வித்தையை 1980-லேயே இங்கே ஒரு நாடாளுமன்றத் தேர்தலில் காட்டியவர். 1988-ல் மூத்த புஷ்ஷின் பிரசாரத்தை நடத்தினார். வில்லி ஹார்ட்டன் பெயர் தெரிந்திருக்கும். மாசசூசெட்ஸில் விடுப்பில் வெளிவந்த ஆயுள் கைதி, மேரிலாந்தில் கொடூரக் குற்றம் செய்தவர். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸை அந்தப் பெயரை வைத்தே வீழ்த்தினார்கள். அந்த விடுப்புத் திட்டத்தை தேசிய மேடையில் முதலில் கிளப்பியவர் அட்வாட்டர் இல்லை. ஏப்ரலில் நியூயார்க் பிரைமரி விவாதத்தில் டுகாகிஸின் சொந்தக் கட்சிக்காரரான அல் கோர் கேட்டார். ஹார்ட்டனின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. நிர்வாகத்தைப் பற்றிய நியாயமான கேள்விதான். புஷ்ஷின் ஆராய்ச்சிக் குழு அதைப் பிடித்துக்கொண்டது. மூளைக் கட்டியால் 1991-ல் 40 வயதில் இறப்பதற்கு முன் அட்வாட்டர் டுகாகிஸிடம் எழுத்தில் வருத்தம் தெரிவித்தார்.

அதற்காக உட்கட்சிப் போட்டியில் யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பைடனின் பழைய ஓட்டுகளைக் கமலா கேட்டது சரி, புளூம்பெர்க்கிடம் அவர் நிறுவனப் பெண்களின் வாய்ப்பூட்டு ஒப்பந்தங்களை லாஸ் வேகஸில் வாரன் கேட்டது மிகச் சரி. பதில் சொல்ல வேண்டியவர் எதிரே நிற்கிறார், கேட்பவர் தன் முகத்தோடு கேட்கிறார். கடிதத்திலும் போனிலும் வந்தவற்றுக்கு முகமே கிடையாது.

மதியம் செய்தி: அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்த மாநிலத்தின் கறுப்பின உறுப்பினரான ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்துவிட்டார். “நமக்கு ஜோவைத் தெரியும், அதைவிட முக்கியமாக ஜோவுக்கு நம்மைத் தெரியும்.” நான் சாப்பிட்ட கடையில் பரிமாறிய பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு டிவி முன் போய் நின்றார்.

பிப்ரவரி 28, வெள்ளி. சார்ல்ஸ்டன்

கல்ஹூன் தெருவில் கறுப்பினத்தவரின் இமானுவேல் ஆலயம். 2015 ஜூன் 17 அன்று வேதபாடத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை, அவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்த ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். போதகர் கிளெமென்டா பிங்க்னி மாநில செனட்டரும்கூட. அந்த உயிர்கள் போன பிறகுதான் கொலம்பியாவின் சட்டமன்ற வளாகத்திலிருந்தே அந்தக் கொடி இறங்கியது. செவ்வாய் இரவு வேட்பாளர்கள் கத்திக்கொண்டிருந்த அரங்கம் இந்தத் தெருவில், கூப்பிடு தூரத்தில்.

பஸ் நிறுத்தத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையோடு பேச்சுக் கொடுத்தேன். எழுபதுக்கு மேல் வயது. நாளை பைடனுக்குப் போடுகிறாராம். நியூ ஹாம்ப்ஷயரில் கேட்டதை வைத்து, மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்து முடிவெடுத்தீர்களா என்று கேட்டேன்.

“ஆமாம்மா. வெள்ளைக்காரங்க எப்படி ஓட்டுப் போடுவாங்கன்னு நான் பொறந்ததிலேருந்து பார்த்துட்டு வர்றேன். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? 2008-ல முதல்ல நான் ஹிலாரி பக்கம்தான். ஒபாமாவுக்கு அவங்க போடமாட்டாங்கன்னு நெனச்சேன். ஐயோவால போட்டாங்க. அதுக்கப்புறம்தான் மாறினேன்.”

அந்த வருடம் ஒபாமா இங்கே 55-க்கு 27 என்று ஜெயித்தார். அதே வாரம் மிர்ட்டில் பீச் விவாதத்தில் அவரும் ஹிலாரியும் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டும் ஒன்றும் ஆகவில்லை. ஐயோவாவின் வெள்ளை விவசாயிகள் கொடுத்த தைரியம் அதற்கு மேலே நின்றது.

“நாங்க தோத்தா, மத்தவங்களுக்கு வருத்தம். எங்களுக்கு அப்படி இல்ல” என்றார் அந்த அம்மா. கை ஆலயத்தின் பக்கம் நீண்டது. பஸ் வந்துவிட்டது.

என் சிந்தனையில் ஒரு பாதியை அவர் கலைத்துவிட்டார். பிறர் ஓட்டை ஊகிப்பதே கோழைத்தனம் என்ற அளவுக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். இவர் ஊகிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பார்த்ததை வைத்துப் போடும் கணக்கு இது. போன் அழைப்பால் இவரை அசைக்க முடியாது. நாஷுவாவின் வாசல்களில் அக்கா கேட்டது, போன வாரச் செய்தியை வைத்து, பார்த்தேயிராத மனிதர்களைப் பற்றிச் சொன்னது. அதைத்தான் காற்றடித்த பக்கமெல்லாம் சாய்க்க முடிகிறது.

மாலை வடக்கு சார்ல்ஸ்டனில் டிரம்ப் கூட்டம். எதிர்த்து நிற்க சாண்டர்ஸ் நல்லதா பைடன் நல்லதா என்று கூட்டத்தையே சத்தம் போடச் சொல்லிக் கேட்டாராம்.

பிப்ரவரி 29, சனி. சார்ல்ஸ்டன்

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்த உடனே அறிவித்துவிட்டார்கள். பைடன் 48 சதவீதத்துக்கு மேல், சாண்டர்ஸ் 20. 46 கவுண்டிகளும் பைடனுக்கு. மூன்றாவது முறையாக அதிபர் பதவிக்கு நிற்கும் அவர் ஒரு பிரைமரியில் ஜெயிப்பது இதுவே முதல் தடவை. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கிளைபர்னின் ஆதரவு தங்களுக்கு முக்கியமாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். சாண்டர்ஸுக்குப் போடச் சொல்லிக் குடியரசுக் கட்சிக்காரர்கள் கூப்பிட்டது முடிவில் எங்கும் தெரியவில்லை.

மார்ச் 1, ஞாயிறு. வீடு

பாஸ்டனில் இறங்கி வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் பூட்டஜஜ் விலகிவிட்டார். அக்கா உடனே கூப்பிட்டார். நாஷுவாவில் போட்ட ஓட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “நீ செவ்வாய்க்கிழம யாருக்கு?” என்றார்.

வாரனுக்கு என்றேன். அவருடைய சொந்த மாநிலமான இங்கேயே சாண்டர்ஸ் முந்துகிறார் என்று கணிப்புகள் சொல்கின்றன, நேற்றைய முடிவுக்குப் பிறகு பைடனும் ஏறலாம். சார்ல்ஸ்டனில் அந்த அம்மாவுக்கு இருந்தது போல விஸ்கான்சின்காரரைப் பற்றி எனக்கு ஒரு அறிவும் இல்லை. மாணவர் கடனைப் பற்றியும் குழந்தைக் காப்பகச் செலவைப் பற்றியும் வாரன் சொல்லும் திட்டங்களைப் படித்திருக்கிறேன், அவற்றைப் பற்றி எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துப் போடுகிறேன் என்றேன்.

“அப்ப ஜெயிக்கவே மாட்டாங்கன்னு தெரிஞ்சுமா?”

“ஆமாக்கா.”

காலை ஏழு மணிக்குச் சாவடி திறக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் போட்டுவிட்டுப் போக வேண்டும்.